கேட்கலாம், சொல்லக் கூடாது

1974ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19ஆம் நாள், திங்கட்கிழமை முற்பகல், என் பக்கத்து வீட்டுக்காரர் திரு. அசரியா, தண்ணீரை அளப்பதற்காகத் தம் கையால் செய்த கருவி ஒரு வானொலிப் பெட்டியே என்று எழுதிக் கையொப்பமிட்டார். அந்த நொடியிலிருந்து எங்கள் தெருக் கிணற்று நீர் சட்டப்படி நல்ல நீராயிற்று. என் முறையீடு இவ்வளவே.

இதனைச் சினத்தோடு எழுதத்தான் அமர்ந்தேன். எழுத எழுதச் சினம் வடிந்து நாணமே எஞ்சுகிறது. ஏவல் வாக்கியத்திற்கு எடுத்துக்காட்டாக ‘உண்மையைச் சொல்’ என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய ஆசிரியன் நான். வேறு எடுத்துக்காட்டு எழுதியிருக்கலாம் என்று இப்பொழுது தோன்றுகிறது.

தாம்பரம் இரயில் நிலையத்திற்குக் கிழக்கே, சேலையூரைத் தாண்டி, மேடவாக்கம் சாலையிலிருந்து பிரியும் செம்மண் பாதையில் எங்கள் ஞானாபுரம் குடியிருப்பு இருக்கிறது. அசரியா இரயில்வேயில் கணக்கு எழுத்தர், அஞ்சும் இயல்பினர். இரசீது இல்லாமல் வாழைப்பழம் வாங்கினால்கூட, வீடு வந்து சேரும்வரை சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டே வருவார். சனிக்கிழமைப் பிற்பகலில் மின்தொடர்வண்டி ஏறி மூர் மார்க்கெட்டுக்குச் சென்று, பழைய இராணுவத் தொலைபேசிகளின் உறுப்புகளையும் உடைந்த ரேடியோக்களின் திருகுகளையும் பொறுக்கி வருவதே அவருடைய ஒரே கேளிக்கை. அவற்றைக் கொண்டு மின்மணி செய்வார்; மழை வந்தால் ஒலிக்கும் சங்கு செய்வார். யாருக்கும் தீங்கில்லை.

எங்கள் தெருக்கோடியில் பொதுக் கிணறு ஒன்று உள்ளது. அதற்கு அப்பால், தென்னந்தோப்பின் பின்புறம், தோல் ஊறவைக்கும் கொட்டகை ஒன்று அண்மையில் முளைத்தது. உப்பிட்ட தோல்களைக் கழுவிய நீர் ஒரு வாய்க்காலில் ஓடிற்று. வாய்க்கால் எங்கே முடிகிறது என்று எவரும் கேட்கவில்லை. அது மண்ணுக்குள் முடிந்தது. சில மாதங்களில் கிணற்று நீரில் சவுக்காரம் நுரைக்கவில்லை, பருப்பு வேகவில்லை. பருப்பு வேகாததற்கு மளிகைக்காரரைக் குறை கூறினோம். தையற்காரர் ஹிதாயத்துல்லாவின் சிறுமகள் நஃபீசா நாள்தோறும் வாந்தி எடுத்ததற்குப் பல் முளைப்பதைக் குறை கூறினோம். தண்ணீரைக் குறை கூறினால் வேறு தண்ணீருக்கு எங்கே போவது?

அசரியாதான் அளந்து பார்த்தார். தீர்ந்துபோன டார்ச் பேட்டரிகளை உடைத்து எடுத்த இரண்டு கரிக்கோல்களை ஒரு கண்ணாடிக் குழாயில் எதிரெதிரே நிறுத்தினார். பிஸ்கட் டப்பாவுக்குள் டிரான்சிஸ்டர்களை வைத்து, வண்டின் ரீங்காரம் போன்ற ஒலியை எழுப்பும் மின்சாரத்தை உண்டாக்கினார். அம்மின்சாரம் ஒரு கிளையாக நீரின் வழியே ஓடும். மறு கிளையாகத் தெரிந்த அளவுள்ள கம்பிச்சுருளின் வழியே ஓடும். இயர்போனைக் காதில் வைத்துக்கொண்டு திருகைத் திருப்பவேண்டும். இரு கிளைகளும் நிகராகும் இடத்தில் ரீங்காரம் அடங்கிவிடும். அடங்கிய இடத்தில் முள் காட்டும் எண்ணே விடை. நீரில் உப்பும் கழிவும் மிகுந்திருந்தால் எண்ணும் மிகும்.

மழைநீருக்கு முள் அசையவே இல்லை எனலாம். இரயில் நிலையக் குழாய் நீருக்கு ஒன்பது. எங்கள் கிணற்றுக்கு எழுபத்தொன்று.

ஊராட்சியின் சுகாதார ஆய்வாளர் திரு. கிருபா நல்லவர். அசரியாவின் கூடத்தில் அமர்ந்து, ஒரு குவளை கிணற்று நீரில் கண்ணாடிக் குழாயை நனைத்து, தாமே திருகைத் திருப்பிக் கேட்டார்.

“கரெக்டா இருக்கு சார். கிணத்தப் பூட்டிட்டு, உங்க தெருவுக்குத் தண்ணி லாரி எழுதிடறேன். இருக்கறது ஒரே லாரி. நாலு தெருக்காரங்க கேட்டுட்டு இருக்காங்க. நீங்க முந்திக்கோங்க. ஆனா ஒண்ணு. காதுல என்னமோ சத்தம் வருதே, ஆடிட்ல கேப்பாங்க. இது ரேடியோ இல்லன்னு அந்த ரேடியோ லைசென்ஸ் ஆபீஸ்ல ஒரு பேப்பர் வாங்கிட்டு வந்துடுங்களேன்.”

அசரியாவின் முகம் மலர்ந்தது. தாள் என்ற சொல்லைக் கேட்டால் அவருக்குத் தெம்பு வந்துவிடும். அவருடைய மனைவி ஹில்டா, பள்ளி ஆசிரியை, அடுக்களையிலிருந்தே கேட்டார்.

“இல்லாததுக்கு எதுக்குங்க பேப்பர்? நீங்க யானை இல்லைன்னு எந்த ஆபீஸ்ல எழுதி வாங்கி வச்சிருக்கீங்க?”

“கேட்டாத் தரப்போறாங்க, ஹில்டா. பேப்பர் இருந்தா நல்லதுதானே?”

மறுநாளே நானும் அவரும் சென்றோம். ‘ஒலியேற்புக் கருவிகள் உரிமக் கண்காணிப்பு வட்டாரத் துணை அலுவலகம்’ மேற்குத் தாம்பரத்தில் ஓர் அரிசி மண்டியின் மாடியில் இருந்தது. பெயர்ப்பலகையில் ஒற்றுகள் பல விடுபட்டிருந்தன. அவற்றைப் பற்றி இங்கே எழுதமாட்டேன்.

வாயிலில் கடைநிலை ஊழியர் ஏசுபாதம் முக்காலியில் அமர்ந்திருந்தார்.

“புச்சா, ரினீவலா?”

“ரெண்டும் இல்லீங்க. எங்ககிட்ட ரேடியோ இல்ல” என்றார் அசரியா.

“ரேடியோ இல்லன்னா இங்க இன்னாத்துக்கு வந்துகினு கீறே? கல்யாணம் ஆவாதவன் டைவர்சுக்கு வந்த கதையாக் கீது.”

உள்ளே இருந்த வட்டார அலுவலர் திரு. தேவானந்தம் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அவர் என்னிடம் தமிழ் படித்தவர். படிக்கும் நாளிலேயே அழகாகப் பேசுவார். எனக்கு நாற்காலி வந்தது. அசரியாவுக்கு வரவில்லை. நான் அமர்ந்தேன், அவர் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

செய்தியைக் கேட்டு முடித்ததும் தேவானந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஐயா, உங்ககிட்ட மறைக்கமாட்டேன். இந்த ஆபீஸ்ல ‘இல்லை’ங்கறதுக்கு ஃபாரமே கிடையாது.” பிறகு, மேடையில் ஏறியவரைப் போலக் குரல் மாறிற்று. “இவ்வலுவலகத்தைப் பொறுத்தவரை உலகத்துப் பொருள்கள் இரு வகைப்படும். ஒன்று, உரிமம் பெற்ற வானொலி. மற்றொன்று, உரிமம் பெறாத வானொலி. மூன்றாம் வகை ஒன்றினை ஏற்படுத்தும் அதிகாரம் எனக்கு வழங்கப்படவில்லை.”

“இந்த நாற்காலி?” என்று கேட்டேன்.

“அது பேசாத வரைக்கும் நாங்க தலையிடறது இல்லீங்க ஐயா.”

“சார், இது தண்ணியை அளக்கற மெஷின். ரேடியோ இல்லீங்க” என்றார் அசரியா.

“லைசென்ஸ் எடுக்காதவங்க எல்லாரும் முதல்ல சொல்ற வாக்கியம் அதுதான்.” தேவானந்தம் கனிவோடு சொன்னார். “சத்தம் வருதா?”

“வருது சார். ஆனா சத்தம் நிக்கற இடம்தான் கணக்கு.”

“நிறுத்தறதுக்குத் திருகு இருக்கா?”

“இருக்கு.”

“திருகு எங்கே வாங்கினது?”

பொய் சொல்லத் தெரியாத அசரியா, அது ஒரு பழைய ரேடியோவின் திருகு என்றார். தேவானந்தம் என்னை இரக்கத்தோடு பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“பரவாயில்லை. ஐயாவுக்காக நானே நேர்ல வந்து இடத்தாய்வு பண்றேன். மெஷின் தன் வேலையைத் தன் இடத்துல செஞ்சு காட்டணும்.”

“வீட்டுக்கு வாங்க சார். ஒரு குவளை தண்ணி போதும்.”

“அது எப்படி? கிணத்துத் தண்ணியைக் கிணத்துலயேதான் அளக்கணும். வாளிக்கு வந்துட்டா அது வாளித் தண்ணி. குவளைக்கு வந்துட்டா குவளைத் தண்ணி. நாளைக்கு என்னை யாரும் ஒரு கேள்வி கேட்டுடக் கூடாது.”

அந்த வாக்கியத்தால் எங்கள் தெரு கெட்டது. கோடையில் நீர் கீழே போய்விட்ட கிணறு அது. கண்ணாடிக் குழாய் கிணற்று நீரைத் தொடவேண்டுமானால் நீண்ட கம்பி வேண்டும். சபையின் கிறிஸ்துமஸ் விளக்குகளுக்கு வைத்திருந்த கம்பிச் சுருளை அசரியா கேட்டு வாங்கினார். கிணற்று உருளைகளில் பெண்கள் நீர் இறைக்கும் கயிறுகள் இருந்தமையால், கம்பியைப் பக்கத்து வேப்பமரக் கிளையின் மேல் போட்டு, அங்கிருந்து கிணற்றுக்குள் இறக்கினார். ஹிதாயத்துல்லா கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி ஜெய்னப், குழந்தையை இடுப்பிலும் வெறுங்குடத்தைக் கையிலுமாக வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். விடை தெரியாமல் மொள்ளக் கூடாது என்று காத்திருந்தார்.

தேவானந்தம் ஜீப்பிலிருந்து இறங்கினார். ஏசுபாதம் குடை பிடித்தார். கம்பி மரத்தின் மேல் செல்வதைத் தேவானந்தம் பார்த்தார். கிணற்றுக்குள் இறங்குவதையும் பார்த்தார்.

“மேலே ஏரியல். கீழே எர்த்” என்றார். ஏசுபாதம் அதனை எழுதிக்கொண்டார்.

பிறகு அவர் இயர்போனைக் காதில் வைத்தார். முதலில் நெற்றி சுருங்கிற்று. சிறிது பொறுத்து, கோவிலில் மணி கேட்டவரைப் போல முகம் விரிந்தது.

“கொத்தவால் சாவடியில கத்தரிக்காய் வரத்து அதிகம்” என்றார். “விலை இறக்கம்.”

அசரியா வேப்பமரத்தின் மேல் சென்ற கம்பியை அண்ணாந்து பார்த்தார். நீண்ட கம்பியும் ஈர மண்ணும் சேர்ந்தால், அருகிலுள்ள நிலையத்தின் ஒலி எந்த டிரான்சிஸ்டர் மூலமாகவும் மெலிதாகக் கேட்கும் என்பதை அவர் அறிவார். நாங்கள் அறியோம். கூடத்தில் குவளைக்குள் ஒருநாளும் பாடாத கருவி, அலுவலர் முன்னிலையில், அலுவலர் கேட்டுக்கொண்ட நீளத்தில், அங்காடி நிலவரம் வாசித்தது.

ஏசுபாதம் இயர்போனை வாங்கிக் கேட்டார். “அய்ய, வெண்டக்கா ஏறிக்கீதாம் சார்.”

கூட்டம் முண்டியது. தெருவில் உள்ள ஒவ்வொருவரும் வரிசையில் நின்று, ஒருமுறை காதில் வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு நகர்ந்தனர். ஜெய்னப் மட்டும் வரிசைக்கு வரவில்லை.

“என்னங்க, தண்ணி என்ன சொல்லுதாம்?” என்று கணவரைக் கேட்டார்.

“கத்தரிக்கா எறங்கிடுச்சாம்” என்றார் ஹிதாயத்துல்லா. கேட்டவர்களில் அவர் ஒருவர்தாம் சிரிக்கவில்லை.

“கம்பி நீளமா இருக்கறதால வருது சார்” என்று அசரியா மெல்லச் சொன்னார். “துணி காயப்போடற கம்பியிலகூட இப்படிக் கேக்க வைக்கலாம்.”

“அப்படியா?” தேவானந்தம் திகைத்துப்போனார். “இது எனக்கு இதுவரை தெரிவிக்கப்படாத தகவல். உடனே மேலிடத்துக்கு எழுதறேன்.”

எழுதினார். அவ்வாரத்திலேயே எங்கள் தெருவில் இரும்புக் கம்பியில் துணி உலர்த்தும் வீடுகள் கணக்கெடுக்கப்பட்டன. கயிற்றில் உலர்த்துவோர்க்குக் கயிற்றுக்காரர் என்று சான்று தரப்பட்டது. ‘இல்லை’ என்பதற்குப் படிவம் இல்லாத அலுவலகத்தில் அச்சான்று எவ்வாறு பிறந்தது என்று கேட்டேன். அது ‘இல்லை’ அன்று, ‘கயிறு உண்டு’ என்று எனக்கு விளக்கப்பட்டது.

அசரியாவின் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. டப்பா கைப்பற்றப்பட்டது. அறிவிப்பின் இரண்டாம் பத்தியைத்தான் எங்களில் எவரும் எதிர்பார்க்கவில்லை: கிணறானது மேற்படி வானொலியின் புவித்தொடுப்பாகப் பயன்பட்டிருப்பதால் அதுவும் வழக்கின் சான்றுப்பொருளாகும், வழக்கு முடியும் வரை அதனை மூடவோ பூட்டவோ கூடாது, பொதுமக்கள் வழக்கம் போல் நீர் இறைத்து, சான்றுப்பொருளை மாறாத நிலையில் காக்கவேண்டும்.

“நான் பூட்டு வாங்கிட்டேன் சார்” என்றார் கிருபா, கையில் பூட்டோடு. “எவிடன்ஸப் பூட்டினா என்னையும் சேத்துப் பூட்டுவாங்க. சீக்கிரம் கேஸை முடிங்க. லாரியை ரொம்ப நாள் புடிச்சு வைக்க முடியாது.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆயர், சட்டத்தை மறந்து நடப்போர்க்காக ஒரு நிமிடம் மன்றாடினார். அசரியா அமர்ந்திருந்த நீளப் பலகையில் அவரும் ஹில்டாவும் மட்டுமே இருந்தனர். வெளியே வரும்போது ரத்தினபாய் அம்மாள் உரக்கக் கேட்டார்.

“அசரியா தம்பி, மத்தியானம் நாடகம் எத்தனை மணிக்குப்பா? கேட்டுச் சொல்லேன்.”

படிக்கட்டில் சிரிப்பு எழுந்தது. அசரியா யாரையும் பார்க்காமல் செருப்பைத் தேடினார். காலில் செருப்பு இருந்தது. அன்று மாலை நஃபீசாவை மருத்துவமனையில் சேர்த்தனர். குழந்தை உடலில் நீரே இல்லை என்று மருத்துவர் சொன்னாராம்.

விசாரணை மறுநாள். நகரத்திலிருந்து மண்டல ஒலியியல் வல்லுநர் திரு. தனசிங் வந்திருந்தார். மேசையின் மேல் டப்பா. அதன் அருகே ஒரு குவளையில் எங்கள் கிணற்று நீர். மரம் இல்லை; நீண்ட கம்பி இல்லை. இன்று பாடாது என்ற நம்பிக்கையில் அசரியா நிமிர்ந்து நின்றார். அவர் நிமிர்ந்து நின்றதை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

தனசிங் இயர்போனை வைத்துக்கொண்டு நெடுநேரம் கேட்டார்.

“இரைச்சல்தான் வருது.”

“திருகைத் திருப்புங்க சார். மெதுவா.”

திருப்பினார். “இப்ப அதுவும் நின்னு போச்சு.”

“அதான் சார்!” அசரியா டப்பாவைச் சுட்டிக்காட்டினார். “அதுதான் அளவு. முள்ளைப் பாருங்க. எழுபத்தொன்று.”

“எழுபத்தொன்றா?” தனசிங் தேவானந்தத்தின் பக்கம் திரும்பினார். “எழுபத்தொன்றாவது மீட்டர்ல நம்ம ஸ்டேஷன் எதுவும் இல்லையே.”

“அண்டை நாடா இருக்குமோ?” என்றார் தேவானந்தம், தாழ்ந்த குரலில்.

“அண்டை நாடாக இருந்தால் இவ்வளவு அமைதியாக இருக்குமா?” தனசிங் சிந்தித்தார். பிறகு, எழுத்தர் எழுதிக்கொள்வதற்காக ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: “பரிசோதிக்கப்பட்ட வானொலி அலுவலகத்தில் பழுதடைந்தும், கிணற்றடியில் செம்மையாகவும் இயங்குகிறது. உரிமையாளர் அதனைக் கிணற்றடியிலேயே வைத்துக் கேட்பது நலம். அரசு ஊழியன் என்னும் முறையில் இருபத்தெட்டு ஆண்டுகளாக நான் கேட்ட எந்தக் கருவியையும் வானொலி அன்று எனக் கூறியதில்லை. அந்தத் தூய்மையை இன்று இழக்க விரும்பவில்லை.”

தேவானந்தம் அசரியாவை அருகில் அழைத்தார். கடிந்து பேசவில்லை. கடிந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

“பிரதர், ரெண்டே வழி. இது ரேடியோ இல்லைன்னு நீங்க வாதாடினா கேஸ் மேலே போகும். எப்ப முடியும்னு எனக்கே தெரியாது. அதுவரைக்கும் கிணறு எவிடன்ஸ், பூட்ட முடியாது. இது ரேடியோதான்னு எழுதிக் கொடுத்துட்டா இப்பவே லைசென்ஸ் கொடுத்துடுவேன். கேஸ் முடிஞ்சிடும். கிணறும் ஃப்ரீ.”

“கிணத்தைப் பூட்டலாமா சார்?”

“தாராளமா. அது ஊராட்சி பாடு.”

அசரியா என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். என் நாற்காலி தரையில் உரசிய ஒலி மட்டுமே கேட்டது. அவர் பேனாவை வாங்கி, ‘மேற்படி பொருள் வானொலியே’ என்று எழுதினார். ஏகாரத்தை அவர்தாம் சேர்த்தார். ஐயம் இருக்கக் கூடாது என்று.

முத்திரை விழுந்தபின் தேவானந்தம் உரிமத்தின் நிபந்தனைகளை வாசித்தார். மற்றவை வழக்கமானவை. கடைசி நிபந்தனைக்கு அவர் குரல் மீண்டும் மேடை ஏறிற்று.

“உரிமதாரர் இக்கருவியின் வழியே கேட்கலாம். கேட்டதைப் பிறர்க்குச் சொல்லக் கூடாது. ஒருவர் கேட்டதைப் பலர்க்குச் சொல்வது ஒலிபரப்பாகும். ஒலிபரப்பு அரசின் உரிமை. கிணற்றைப் பற்றியோ, நீரைப் பற்றியோ, இக்கருவி காட்டும் எந்த எண்ணைப் பற்றியோ நீங்கள் ஒருவரிடம் கூறினாலும், நீங்கள் உரிமம் பெறாத வானொலி நிலையம் ஆகிவிடுவீர்கள். மனிதனை நிலையமாகப் பதிவு செய்ய எங்களிடம் படிவம் இல்லை. ஆகவே கைதுதான்.”

பிறகு என்னிடம் திரும்பிப் புன்னகை செய்தார். “ஐயா வந்ததால எல்லாம் சுமுகமா முடிஞ்சுது.”

படியில் இறங்கும்போது ஏசுபாதம் டப்பாவை அசரியாவின் கையில் கொடுத்தார். “போ நைனா, இனிமே தெகிரியமாக் கேளு. சிலோன் எடுக்குதான்னு பாரு.”

அங்கிருந்து நேராக ஊராட்சி அலுவலகம் சென்றோம். கிருபா தாளை வாங்கி இருமுறை படித்தார். அவருடைய முகத்தில் நான் கண்டது கள்ளம் அன்று. அதனால்தான் மறக்க முடியவில்லை.

“கேஸ் முடிஞ்சது நல்லதுதான் சார். ஆனா இதுல ரேடியோன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்களே. ரேடியோ சொன்னதைக் கேட்டு நான் எப்படிக் கிணத்தப் பூட்டறது? ரேடியோல சொன்னா ஸ்கூலுக்கு லீவு விடலாம். கிணத்துக்கு விட முடியாது சார்.”

“லாரி?” என்றேன்.

“காலையிலேயே அடுத்த காலனிக்குப் போயிடுச்சு.”

மாலையில் ஜெய்னப் மருத்துவமனையிலிருந்து வந்தார். வீட்டில் ஒரு துளி நீர் இல்லை. குடத்தோடு அசரியாவின் வாயிலில் நின்றார்.

“பாப்பா தேவலைண்ணே. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்களாம். இந்தத் தண்ணியக் காய்ச்சிக் கொடுத்தாப் பரவாயில்லையா? நீங்க சொன்னா சரி.”

அசரியா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். கை சட்டைப்பைக்குச் சென்றது. அங்கே உரிமம் இருந்தது. அவர் கூடத்துச் சுவரைப் பார்த்தார். பிறகு குனிந்து தம் கால்களைப் பார்த்தார். ஒரு மனிதர் தமக்குத் தெரிந்ததை அறியாதவரைப் போல நிற்கும் காட்சியை என் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன். ஜெய்னப் அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். பிறகு, தாம் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதாக நினைத்து, “மன்னிச்சுக்கோங்கண்ணே” என்று சொல்லித் திரும்பினார்.

ஹில்டா அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்து குடத்தைப் பிடித்துக்கொண்டார்.

“நில்லு ஜெய்னப். லைசென்ஸ் அவர் பேர்லதான் இருக்கு. என் பேர்ல இல்ல. நான் சொல்றேன். காய்ச்சினாலும் அந்த உப்பு போகாது. குழந்தைக்கு ஒரு சொட்டு கொடுக்காதே. எழுபத்தொன்று. ஸ்டேஷன் குழாயில ஒன்பது. நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் சேர்ந்தே ஸ்டேஷனுக்குப் போயி மொண்டு வருவோம்.”

ஜெய்னப் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு அழுதார். அசரியா உள்ளறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்தடுத்த நாள்களில் ஹில்டா பள்ளி விட்டு வந்ததும் வீடு வீடாகச் சென்று சொல்லிப் பார்த்தார். எங்கள் தெருவார் தீயவர் அல்லர். ஆனால் கிணற்றடியில் வரிசையாக நின்று காதில் வைத்துக் கேட்டவர்கள். “வாங்க டீச்சர், இன்னிக்குக் கத்தரிக்கா என்ன வெல?” என்று கேட்டார்கள். அவர் எழுபத்தொன்று என்றார். கிலோவா, மணங்கா என்று கேட்டார்கள். சிரித்துக்கொண்டே இறைத்தார்கள், இறைத்ததைக் குடித்தார்கள், தம் குழந்தைகளுக்கும் கொடுத்தார்கள். இன்றும் கொடுக்கிறார்கள். கங்கையம்மாள் வீட்டுக் கைக்குழந்தைக்கு நேற்றிலிருந்து வாந்தி. பல் முளைக்கிறது என்கிறார்கள்.

அசரியா இப்பொழுது என்னோடும் பேசுவதில்லை. நான் வாயிலில் நின்றால் பின்பக்கமாகப் போகிறார். குற்றம் செய்தவர்கள் அரிசி மண்டி மாடியில் அமர்ந்திருக்க, நாணம் மட்டும் இவர் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதில் என் பங்கை எடுத்துக்கொள்ள இந்த ஒரு வழியே எனக்குத் தெரிகிறது.

என்னிடம் வானொலி இல்லை. எனவே உரிமமும் இல்லை. எனவே எந்த நிபந்தனைக்கும் நான் கட்டுப்பட்டவன் அல்லேன். சட்டத்தின் எல்லைக்குள் நின்று எழுதுகிறேன்: ஞானாபுரம் பொதுக் கிணற்றின் அளவு எழுபத்தொன்று. அந்த நீர் குடிக்கத் தகாதது. காய்ச்சினாலும் தகாதது.

இதனைப் படிப்பவரே, உம் வீட்டில் உரிமம் பெற்ற வானொலி இருக்குமாயின் இத்தாளை உரிமம் இல்லாத ஒருவர் கையில் இப்பொழுதே கொடுத்துவிடும். இல்லையாயின் எழுந்து ஞானாபுரத்திற்கு வாரும். தாம்பரத்தில் இறங்கி எவரைக் கேட்டாலும், பாட்டுப் பாடும் கிணறு என்று வழி காட்டுவார்கள். அங்கே குடத்தோடு நிற்பவரிடம் அந்த எண்ணை உரக்கச் சொல்லும். அவர் சிரிப்பார். சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, மறுபடியும் சொல்லும்.